‘விடுதலை’ என்று ஒரு சொல்கூடச் சொல்லாமல் விடுதலையை இசைக்க முடியுமா? சிம்பொனி முதல் சீர்காழி வரை... முழு விளக்கம்!

2025 மார்ச் 8. லண்டன் அப்பல்லோ அரங்கில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனியை வாசித்தது. அன்று தமிழ்நாட்டில் பலருடைய செல்போனிலும் அந்த வீடியோ துண்டுகள்தான் ஓடின. கூடவே ஒரு கேள்வியும் எழுந்தது: “இதுல பாட்டே இல்லையே, அப்புறம் இது எதைப் பத்தினதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

நியாயமான கேள்வி. இன்னும் ஒரு படி மேலே போனால் அது இன்னும் கஷ்டமாகிவிடும். ஒரு நாட்டின் வரலாறு, அடிமைத்தனம், போராட்டம், விடுதலை... இதையெல்லாம் சொல்லே இல்லாமல் வயலினிலும் டிரம்பெட்டிலும் சொல்ல முடியுமா?

முடியும் என்று உலகத்தில் பல இசையமைப்பாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இந்தியாவின் தேசிய கீதம் தேர்வானதிலேயே ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒரு பங்கு உண்டு. தமிழில் இந்தக் கதையைத் தேடிப் போனால், வழி சீர்காழி பக்கம்தான் போகிறது. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆர்கெஸ்ட்ரா, சிம்பொனி... அப்படின்னா என்ன?

நம்ம ஊரில் ‘ஆர்கெஸ்ட்ரா’ என்றால் கோயில் திருவிழாவிலும் கல்யாண ரிசப்ஷனிலும் சினிமாப் பாட்டு பாடும் மெல்லிசைக் குழு. இங்கே பேசுவது அது இல்லை.

மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவில் நான்கு பிரிவுகள் உண்டு. வயலின், செல்லோ போன்ற தந்தி வாத்தியங்கள். புல்லாங்குழல், கிளாரினெட் போன்ற குழல் வாத்தியங்கள். டிரம்பெட், டிராம்போன் போன்ற பித்தளை வாத்தியங்கள். பிறகு டிம்பனி, டிரம் போன்ற தாள வாத்தியங்கள். பெரிய குழு என்றால் 70 முதல் 100 பேர் வரை உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் எழுதி வைத்த இசைக்குறிப்பு இருக்கும். அதில் இல்லாத ஒரு ஸ்வரத்தைக்கூட யாரும் சொந்தமாகச் சேர்ப்பதில்லை.

நம்ம கச்சேரி இதற்கு நேர்மாறு. கீர்த்தனை ஏற்கெனவே இருக்கும். ஆனால் ராகத்தை எவ்வளவு நேரம், எந்த வழியில் விரிப்பது என்பதை வித்வான் மேடையிலேயே முடிவு செய்வார்.

சிம்பொனி என்பது ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதப்படும் பெரிய படைப்பு. வழக்கமாக நான்கு பகுதிகள் இருக்கும். ஒரு கதையையோ, இடத்தையோ, சம்பவத்தையோ மனதில் வைத்து ஒரே ஓட்டமாக எழுதப்படும் படைப்புகளும் உண்டு. நாட்டு வரலாற்றைச் சொல்ல 19-ம் நூற்றாண்டு இசையமைப்பாளர்கள் அதிகமாகக் கையில் எடுத்தது இந்த இரண்டாவது வகையைத்தான்.

சொல் இல்லாமல் நாட்டைச் சொன்னது யார்?

மூன்று உதாரணங்கள் போதும்.

முதலாவது, பின்லாந்து. 1899-ல் அந்த நாடு ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. பத்திரிகைகள் மீது தணிக்கை கடுமையானது. பத்திரிகையாளர்களுக்கு நிதி திரட்டுகிறோம் என்று சொல்லி ஹெல்சிங்கியில் ஒரு விழா நடத்தினார்கள். நாட்டின் வரலாற்றுக் காட்சிகளை மேடையில் ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் இசை. கடைசிக் காட்சிக்காக ஜான் சிபெலியஸ் எழுதியதுதான் பின்னாளில் ‘பின்லாந்தியா’ ஆனது. பித்தளை வாத்தியங்களின் உறுமலில் ஆரம்பித்து, போராட்டத்தைக் கடந்து, பிரார்த்தனை மாதிரி அமைதியான ஒரு மெட்டில் வந்து நிற்கும். ரஷ்ய அதிகாரிகளின் கண்ணில் படாமல் இருக்க, சில இடங்களில் அதை வேறு பெயரில் வாசிக்க வேண்டியிருந்தது. அந்த அமைதியான மெட்டைப் பழைய நாட்டுப்புறப் பாட்டு என்றே பலர் நினைத்தார்கள். அது சிபெலியஸ் சொந்தமாக எழுதியது.

இரண்டாவது, செக் நாடு. ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்த காலத்தில் பெட்ரிச் ஸ்மெத்தானா ‘என் தாய்நாடு’ என்ற பொருளில் ஆறு படைப்புகளை எழுதினார். அதில் புகழ்பெற்றது ‘வல்தாவா’ என்ற நதியைப் பற்றியது. 1874-ல் எழுதினார். அவருக்குக் காது கேட்காமல் போனதும் அதே ஆண்டுதான். ஓர் ஊற்றுக்குப் புல்லாங்குழல், இன்னொன்றுக்குக் கிளாரினெட். அவை சேர்ந்து ஆறாகும். வழியில் ஒரு கிராமத்துக் கல்யாணம் கேட்கும். கடைசியில் ஆறு தலைநகர் ப்ராக்கைத் தொடும். ராஜா இல்லை, போர் இல்லை. ஒரு ஆற்றைக் காட்டியே “இது எங்க மண்” என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது, ரஷ்யா. நெப்போலியனின் படையெடுப்பை ரஷ்யா முறியடித்ததைப் பற்றி சைக்கோவ்ஸ்கி 1880-ல் எழுதியது ‘1812’. பிரெஞ்சுப் படை என்று காட்ட பிரெஞ்சு தேசிய கீதம். ரஷ்யா ஜெயித்தது என்று காட்ட ஜார் மன்னரின் கீதம். கடைசியில் பீரங்கிச் சத்தம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ரஷ்ய கீதம் எழுதப்பட்டதே 1833-ல்தான். 1812-ல் அப்படி ஒரு கீதமே கிடையாது! ஆனால் அந்தப் படைப்பை அப்போது உட்கார்ந்து கேட்டவருக்கு அது தெரிந்த மெட்டு. அதனால் கதை புரிந்தது.

முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. வாத்தியத்துக்கு ‘விடுதலை’ என்ற சொல் தெரியாது. கேட்பவரின் நினைவில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைத் தட்டி எழுப்பத்தான் அதற்குத் தெரியும். அதனால் நாட்டைப் பற்றி இசை எழுத உட்காருபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது: யாருடைய நினைவைத் தட்டப் போகிறோம்?

இந்தியாவுக்கு இந்தக் கேள்வி எப்போது வந்தது?

சுதந்திரம் கிடைத்த உடனேயே வந்துவிட்டது.

1947-ல் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபை கூடியது. ஒரு நிகழ்ச்சியில் ஆர்கெஸ்ட்ரா வாசிக்க இந்தியாவின் தேசிய கீதத்தைக் கேட்டார்கள். அப்போது இந்தியாவுக்கு அதிகாரப்பூர்வ கீதமே இல்லை. இந்தியக் குழுவிடம் ‘ஜன கண மன’ இசைத்தட்டு ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தார்கள். ஆர்கெஸ்ட்ரா அதைக் கேட்டுப் பழகி வாசித்தது. நல்ல வரவேற்பு. மற்ற நாட்டுப் பிரதிநிதிகள் இசைக்குறிப்பு கிடைக்குமா என்று கேட்டார்கள். 1948 ஆகஸ்ட் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் இதையெல்லாம் விளக்கியவர் பிரதமர் நேரு.

அப்போது ‘வந்தே மாதர’த்துக்கும் பெரிய ஆதரவு இருந்தது. விடுதலைப் போராட்டம் முழுவதும் தெருவில் ஒலித்தது அதுதான். நேருவின் வாதம் வேறு மாதிரி இருந்தது: தேசிய கீதத்தில் சொல்லைவிட மெட்டு முக்கியம், அது ஆர்கெஸ்ட்ராவிலும் ராணுவ பேண்டிலும் வாசிக்க ஏற்றதாக இருக்க வேண்டும். ‘வந்தே மாதரம்’ அப்படி வாசிக்க எளிதல்ல என்று அவர் கருதினார்.

இதை ஏற்காதவர்களும் இருந்தார்கள். மராத்தி இசையமைப்பாளர் மாஸ்டர் கிருஷ்ணராவ், ‘வந்தே மாதர’த்தை பேண்டில் வாசிக்கும்படி அமைத்துக் காட்டுவதற்கே பெரும்பாடுபட்டார். கடைசியில் 1950 ஜனவரி 24 அன்று ‘ஜன கண மன’ தேசிய கீதம் ஆனது. ‘வந்தே மாதர’த்துக்குச் சமமான மரியாதை என்றும் அறிவிக்கப்பட்டது. ‘ஜன கண மன’வின் ஆர்கெஸ்ட்ரா வடிவத்தை அமைத்தவர்களில் ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹெர்பர்ட் முரில் முக்கியமானவர்.

அதாவது, இந்தியாவின் தேசிய கீதம் எது என்பதை முடிவு செய்ததில் வயலினுக்கும் டிரம்பெட்டுக்கும்கூட ஒரு ஓட்டு இருந்தது!

சரி, இதுக்கும் சீர்காழிக்கும் என்ன சம்பந்தம்?

நியூயார்க்கில் அந்த ஆர்கெஸ்ட்ரா வாசிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் டெல்லிக்குப் போவோம். 1947 ஆகஸ்ட் 14 மாலை. இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து போன குழு நேருவின் வீட்டில் அவருக்குச் செங்கோல் வழங்கியது. நாதஸ்வரம் வாசித்தவர் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. ஓதுவார் பாடியது திருஞானசம்பந்தரின் கோளறு பதிகம் என்பது ஆதீனத் தரப்பு சொல்லும் வரலாறு.

செங்கோல்தான் அதிகார மாற்றத்தின் சின்னமா என்ற அரசியல் விவாதம் தனி. 2023-ல் புதிய நாடாளுமன்றத் திறப்பின்போது அதை நாடே பார்த்தது. இசையை மட்டும் எடுத்துக்கொண்டால் வேறொன்று தெரிகிறது. நியூயார்க்கில் இந்தியாவுக்காக ஒலித்தது ஆர்கெஸ்ட்ரா. டெல்லியில் சுதந்திரத்துக்கு முந்தைய மாலையில் ஒலித்தது காவிரிக் கரையின் நாதஸ்வரமும் தேவாரமும். அந்தத் தேவாரத்தைப் பாடிய சம்பந்தர் பிறந்த ஊர் சீர்காழி.

சீர்காழிக்கு இசையில் இன்னும் பெரிய கணக்கு உண்டு. தமிழிசை மூவர் என்று சொல்லப்படும் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை மூவருமே இந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள். மூவருக்கும் சீர்காழியில் மணிமண்டபம் இருக்கிறது.

இதில் அருணாசலக் கவிராயரின் வேலை முறை நம் விஷயத்துக்கு நெருக்கமானது. தில்லையாடியில் பிறந்து சீர்காழியில் வாழ்ந்தவர். ராமாயணத்தை முழுசாகப் பாட்டாகவே சொல்லும் ‘இராம நாடக’த்தை எழுதினார். பாட்டு அவருடையது. மெட்டமைக்கத் துணை நின்றவர்கள் பக்கத்துச் சட்டநாதபுரத்தைச் சேர்ந்த இரண்டு சீடர்கள். ஒருவர் எழுத, இன்னொருவர் இசை வடிவம் கொடுப்பது 18-ம் நூற்றாண்டிலேயே இங்கே நடந்திருக்கிறது.

டெல்டாவுக்கு பேண்ட் இசை புதுசா?

இல்லை. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் (1798–1832) அரண்மனையிலேயே மேற்கத்திய பேண்ட் இருந்தது. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835), கிழக்கிந்தியக் கம்பெனி பேண்டுகள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் பக்திப் பாட்டு எழுதினார். ‘நோட்டுஸ்வரம்’ என்று இன்றும் இசை வகுப்பில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அதில் ஒன்றின் மெட்டு, பிரிட்டிஷ் மன்னரை வாழ்த்தும் தேசிய கீதம். ஆட்சி செய்பவனின் கீதத்தை எடுத்து, மன்னரை இறக்கிவிட்டு, அம்பாளை ஏற்றி வைத்துவிட்டார் தீட்சிதர். மெட்டு அதேதான். அது யாரை நினைவூட்டுகிறது என்பது மட்டும் மாறிப்போனது.

ராகத்தை ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினால் என்ன சிக்கல்?

மூன்று சிக்கல்கள்.

ஒன்று, கமகம். நம்ம இசையில் ஸ்வரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அசையும், வழுக்கும், பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு வரும். தோடி ராகத்தின் காந்தாரத்தைப் பேப்பரில் ஒற்றைப் புள்ளியாக எழுதி 30 வயலின்காரர்களிடம் கொடுத்தால், ஸ்வரம் வரும், தோடி வராது.

இரண்டு, ஹார்மனி. ஆர்கெஸ்ட்ராவில் ஒரே நேரத்தில் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும். ராகத்தில் இல்லாத ஸ்வரம் அடியில் சேர்ந்துவிட்டால் ராகத்தின் முகமே மாறிவிடும். சேர்க்காமலே விட்டால், 80 பேர் ஒரே மெட்டை வாசிப்பார்கள். அதற்கு 80 பேர் எதற்கு?

மூன்று, சுருதியும் சத்தமும். நாதஸ்வரம் திறந்தவெளிக்கான வாத்தியம். தேரடியில் நின்று நாலு வீதிக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பார்கள். அதை மூடிய அரங்கில் செல்லோவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் செல்லோ வாசிப்பவர் வாயசைக்கிற மாதிரிதான் தெரியும்.

இந்தப் பிரச்சினைக்குச் சீர்காழி மரபில் ஒரு பழைய கதையே இருக்கிறது. சம்பந்தர் பாடப் பாட, கூடவே யாழில் வாசித்து வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். காரைக்கால் பக்கம் தருமபுரத்தில் சம்பந்தர் ஒரு பதிகம் பாடினார். யாழில் அது அடங்கவில்லை. மனமுடைந்த பாணர் யாழையே உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தார் என்கிறது பெரியபுராணம். அந்தப் பதிகத்துக்கே ‘யாழ்முரி’ என்று பெயர். குரலில் வருவதெல்லாம் வாத்தியத்தில் வந்துவிடாது என்பதை நம்ம ஊர் எப்போதோ சொல்லி வைத்திருக்கிறது.

சுதந்திர இந்தியா இதற்கு ஒரு வழி தேடியது. 1952-ல் டெல்லி அகில இந்திய வானொலியில் ‘வாத்திய விருந்தா’ என்ற தேசிய வாத்தியக் குழு தொடங்கப்பட்டது. வழிநடத்தியவர்கள் பண்டிட் ரவிசங்கரும் தமிழ்நாட்டு வயலின் வித்வான் டி.கே.ஜெயராம அய்யரும். இந்துஸ்தானி, கர்நாடக வாத்தியங்களை ஒரே மேடையில் உட்கார வைத்து, எழுதி வாசிக்க வைக்கும் முயற்சி அது.

ரவிசங்கரின் இன்னொரு வேலை இன்னும் எளிமையானது. 1948-ல் காந்தி கொல்லப்பட்டபோது, வானொலி அஞ்சலிக்காக அவர் ஒரு புது ராகத்தை உருவாக்கினார். காந்தியின் பெயரிலேயே க, நி, த என்ற ஸ்வரங்கள் இருக்கின்றன அல்லவா? அதை வைத்துத்தான் மெட்டு. ‘மோகன்கவுன்ஸ்’ என்று பெயர் வைத்தார். ஒரு சொல்கூட இல்லை. ஆனால் பெயரே மெட்டுக்குள் இருக்கிறது.

தமிழில் விடுதலைக்கு ஆர்கெஸ்ட்ரா எங்கே இருந்தது?

சினிமாவில்!

தமிழர்களில் பெரும்பாலோர் ஒரு வயலின் கூட்டத்தை முதலில் கேட்டது சினிமாப் பாட்டில்தான். 1947 ஜனவரியில், சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்னாலேயே, ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’ வந்தது. அதில் டி.கே.பட்டம்மாள் பாரதியின் ‘சுதந்திரப் பள்ளு’ பாடலைப் பாடினார். 1921-லேயே இறந்துபோன பாரதி, சுதந்திரம் வந்துவிட்டதாகவே பாவித்து எழுதிய பாட்டு அது.

அந்தத் தலைப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ‘பள்ளு’ என்பது வயலில் உழுது நடவு செய்யும் பள்ளர்களின் வாழ்க்கையைப் பாடும் இலக்கிய வகை. அந்தப் பாட்டுக்கு ‘பள்ளர் களியாட்டம்’ என்றே பாரதி துணைத்தலைப்பு கொடுத்தார். நாடு விடுதலை அடைந்ததை ராஜாவோ வக்கீலோ தலைவரோ கொண்டாடுவதாக அவர் எழுதவில்லை. வயலில் இறங்கி நிற்கும் கூலிக்காரன் ஆடிப் பாடுவதாக எழுதினார். காவிரி டெல்டா மாதிரி ஒரு நெல் மண்ணில் அந்தப் பெயருக்கு இருக்கும் கனமே வேறு.

பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை அப்போது ஏவி.மெய்யப்பனிடம் இருந்தது. 1949-ல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் மெட்டமைக்கலாம், பாடலாம் என்றானது. விடுதலைப் பாட்டுக்கே விடுதலை கிடைத்த கதை இது.

அதன் பலன் 1961-ல் தெரிந்தது. பி.ஆர்.பந்துலு இயக்கத்தில் சிவாஜி கணேசன் வ.உ.சி.யாக நடித்த ‘கப்பலோட்டிய தமிழன்’. பாடல்கள் எல்லாம் பாரதி. இசை ஜி.ராமநாதன். கர்நாடக ராகத்தில் காலூன்றிய மெட்டு, பின்னால் வயலின் கூட்டம், தாளக் கருவிகள், கோரஸ் குரல்கள். நாட்டு வரலாற்றை மனதில் வைத்துத் தமிழில் வாத்தியக் குழுவுக்காக எழுதப்பட்ட இசையில் அதிகம் பேர் காதில் விழுந்தது இதுவாகத்தான் இருக்கும்.

அந்தப் படத்தில் பாடிய முக்கியமான குரல்களில் ஒன்று சீர்காழி கோவிந்தராஜன். 1933-ல் சீர்காழியில் பிறந்தவர். புல்லாங்குழல் வித்வான் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் பயின்றவர். அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில்தான் ஒலிப்பதிவு செய்வார்கள். தனித்தனியாகப் பதிவு செய்து பிறகு ஒட்டும் வசதி இல்லை. அத்தனை வாத்தியங்களுக்கு மேலே எழும்பி நிற்கிற ‘வெண்கலக் குரல்’ அவருக்கு இருந்தது. யாழ்முரி கதையில் வாத்தியத்தை மீறியதும் சீர்காழிக் குரல்தான். இங்கே வாத்தியத்தோடு கைகோத்து நின்றதும் ஒரு சீர்காழிக் குரல்தான்.

யாருடைய விடுதலை?

நாட்டு வரலாற்றை இசையாக்கும்போது வரும் கடைசிச் சிக்கல் இது. பெரிய சிக்கலும் இதுதான்.

வயலின் கலைஞர் எல்.சுப்பிரமணியம், இந்தியா சுதந்திரமடைந்து 70 ஆண்டுகள் ஆனதையொட்டி ‘பாரத் சிம்பொனி’யை உருவாக்கினார். வேதகாலத்தில் தொடங்கி சுதந்திரத்துக்குப் பிந்தைய காலம் வரை வரும். காந்தியின் 150-வது பிறந்த ஆண்டுக்காக ‘மகாத்மா சிம்பொனி’யும் எழுதினார். சுப்பிரமணியம் பிறந்தது சென்னையில், சிறுவயது யாழ்ப்பாணத்தில். 1958 இனக்கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குத் திரும்பியது.

இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகளை ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இசைக்குள் வைக்கிறபோது, எதை எடுப்பது, எதை விடுவது என்பதே ஒரு வரலாற்றுத் தீர்ப்பாகிவிடுகிறது. பெரிய பேரரசுகள் உள்ளே வந்துவிடும். சின்ன ஊர்கள் வெளியே நின்றுவிடும்.

சீர்காழிக்குப் பக்கத்தில், வைத்தீஸ்வரன்கோயில் அருகே திருப்புன்கூர் இருக்கிறது. உள்ளே போக அனுமதி இல்லாமல் வாசலில் நின்ற நந்தனாருக்காக நந்தி விலகியதாகச் சொல்லப்படும் தலம். இன்றும் அங்கே நந்தி சற்று விலகித்தான் இருக்கும்.

19-ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இந்தக் கதையை ‘நந்தனார் சரித்திரம்’ என்று இசை நாடகமாக எழுதினார். பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தை அவர் சேர்த்தார். அவர்தான் பண்ணையார். சிதம்பரம் போய்வர நந்தன் உத்தரவு கேட்கிறான். 40 வேலி நிலத்தையும் சாகுபடி செய்து முடித்துவிட்டுப் போ என்கிறார் பண்ணையார். ஒரு வேலி சுமார் ஆறரை ஏக்கர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சுதந்திரம் என்ற சொல் அரசியலுக்கு வருவதற்கு முன்பே, ஒரு பண்ணையாள் லீவு கேட்கிற பாட்டாக அது இந்த மண்ணில் ஒலித்துவிட்டது. காந்தியும் நந்தனாரை சத்தியாகிரகத்துக்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்.

1947-க்குப் பிறகும் இந்தக் கதை முடிந்துவிடவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, இதே டெல்டாவின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்துபோனார்கள். நாடு விடுதலை அடைந்து அப்போது 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. டெல்டாவின் வரலாற்றை இசையாக எழுதுகிறேன் என்று யார் உட்கார்ந்தாலும், ஆகஸ்ட் 15-ன் டிரம்பெட்டுக்குப் பக்கத்தில் இந்த இரவையும் எங்கே வைப்பது என்று யோசித்துத்தான் ஆக வேண்டும்.

உலக மேடையில் இந்தப் பகுதிக்கு இடம் இருக்கிறதா?

மறைமுகமாக இருக்கிறது.

அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் எழுதிய ‘சத்யாகிரகா’ என்ற ஓபரா 1980-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் அரங்கேறியது. தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டம்தான் கதை. பாடுவது பகவத் கீதையிலிருந்து சமஸ்கிருதத்தில். அரங்கில் உட்கார்ந்திருக்கும் பெரும்பாலோருக்குச் சொல் புரியாது. அதனால் பொருளைச் சுமப்பது இசைதான்.

அந்த ஆர்கெஸ்ட்ராவில் ஒரு விசேஷம் உண்டு. பித்தளை வாத்தியங்கள் இல்லை. டிரம் இல்லை. தந்தி, குழல், கீபோர்டு மட்டும். போர் இசையின் முக்கிய ஆயுதங்கள் இரண்டையும் எடுத்துவிட்டால் என்ன கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘1812’-ல் பீரங்கி. இங்கே டிரம்கூட இல்லை. அகிம்சையை வாத்தியத் தேர்விலேயே சொல்லிவிட்ட மாதிரி இருக்கிறது.

அந்த ஓபராவின் கடைசிப் பகுதி 1913-ல் நடந்த நியூகாசில் பேரணியைப் பற்றியது. அந்தப் போராட்டத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். அதே போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த 16 வயதுப் பெண் தில்லையாடி வள்ளியம்மை. பிறந்தது ஜோகன்னஸ்பர்க். குடும்பத்தின் பூர்வீகம் தரங்கம்பாடி பக்கத்துத் தில்லையாடி. அருணாசலக் கவிராயர் பிறந்த அதே தில்லையாடி!

ஓபராவின் கதை வள்ளியம்மையைப் பற்றியது அல்ல. ஆனால் அந்தப் போராட்டத்தின் விலையைக் கொடுத்தவர்களில் ஒருவர் இந்தப் பகுதிப் பெண் என்று தெரிந்து கேட்பவருக்கு, அந்த இசை வேறு மாதிரி கேட்கும். கேட்பவரின் நினைவுதான் இசைக்குப் பொருள் கொடுக்கிறது என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் வேண்டாம்.

அடுத்த முறை கேட்கும்போது எதைக் கவனிக்கலாம்?

இசை தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. மூன்று கேள்விகள் போதும்.

1. எந்த மெட்டு ஏற்கெனவே தெரிந்தது? தேசிய கீதமோ, நாட்டுப்புற மெட்டோ, பழைய பாட்டோ எங்கேயாவது தலைகாட்டுகிறதா? அங்கேதான் இசையமைப்பாளர் நம் நினைவைத் தட்டுகிறார்.

2. எந்த வாத்தியத்துக்கு எந்த வேலை? டிரம்பெட்டும் டிரம்மும் முன்னால் வந்தால் பெரும்பாலும் அரசு, படை, வெற்றி. ஒற்றைக் குழலோ செல்லோவோ தனியாக நின்றால் ஒரு மனிதன். பறையும் தவிலும் வந்தால், அவை வெறும் அலங்காரமா, கதையை நகர்த்துகின்றனவா?

3. யார் இல்லை? நாட்டின் கதை என்று சொல்லும் இசையில் வயலில் நிற்பவருக்கு இடம் இருக்கிறதா? கோட்டையோடும் கொடியோடும் முடிந்துவிடுகிறதா?

இதைப் பழகிப் பார்க்க லண்டன் போக வேண்டியதில்லை. ‘பின்லாந்தியா’வும் ‘வல்தாவா’வும் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் கால் மணி நேரத்துக்கும் குறைவுதான். கூடவே ‘கப்பலோட்டிய தமிழன்’ பாடல்களை, இந்த முறை பாடகரை விட்டுவிட்டுப் பின்னால் போகும் வயலின்களை மட்டும் கவனித்துக் கேட்டுப் பார்க்கலாம்.

செக் நாட்டுக்காரர் ஒருவர் ஒரு ஆற்றை வைத்து நாட்டைச் சொன்னார். காவிரி கடலில் கலக்கும் பூம்புகார் இருப்பது சீர்காழி வட்டத்தில். ஆறு இருக்கிறது. நாதஸ்வரக்காரர்கள் இருக்கிறார்கள். பள்ளும் நந்தனாரும் தில்லையாடியும் இருக்கின்றன. இதை ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுத உட்காருபவருக்கு விஷயத்துக்குப் பஞ்சமில்லை. வேலை எங்கே கடினமாகும் என்றால், கடைசிப் பகுதியில். கடல் வந்த இடத்தில் டிரம்பெட்டை எழுப்பி வெற்றி என்று முடிப்பதா, வாசலில் நிற்கும் நந்தனுக்காக இன்னும் கொஞ்சம் காத்திருப்பதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.